கயிறு போட்ட தாளம்

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் தங்கச்சி மகன் கையில் போனோடு வந்து நின்றான். கல்லூரி விழாவில் அவனும் கூட்டாளிகள் ஆறு பேரும் ஆங்கிலக் கடல் பாட்டு ஒன்று பாடப் போகிறார்களாம். ‘ட்ரங்கன் செய்லர்’ என்று பெயர். குடித்துவிட்டுக் கிடக்கும் மாலுமியை என்ன செய்வது என்று கப்பலே கூடி யோசிக்கிற பாட்டு.

“மாமா, இது என்ன ஸ்கேல்? டெம்போ எவ்வளவு வைக்கணும்? நூத்தி அறுபது வச்சாத்தான் கூட்டம் கைதட்டும்னு கீபோர்டு பையன் சொல்லுதான்.”

ஆள் பார்த்துத்தான் கேட்டிருக்கிறான். சரக்குக் கப்பலில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன் நான். துரு சுரண்டுகிற வேலையில் ஏறி, டெக் ஆட்களுக்கு மேஸ்திரியான போசனாக இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பதும் நான்தான். கப்பலும் தெரியும், கட்டையும் தெரியும்.

“எந்தக் கயிறுன்னு சொல்லுலே, டெம்போ சொல்லுதேன்” என்றேன். முழித்தான்.

இந்தப் பாட்டுகளுக்கு ஷாண்டி என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே, பிறகு உலகம் முழுக்க, ஓடிய வணிகப் பாய்க்கப்பல்களில் வேலையோடு வேலையாகப் பாடியவை. 1830-களில் தொடங்கி ஐம்பது வருஷம் அவற்றுக்கு நல்ல காலம். நீராவியும் விஞ்சும் வந்ததும் மூச்சு அடங்கிப் போயின. சினிமாவில் கடற்கொள்ளைக்காரன் ரம் புட்டியைத் தூக்கிக்கொண்டு ஷாண்டி பாடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தக் கொள்ளைக்காரர்களின் காலம் 1720-களிலேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது. நாம் கேட்கிற ஷாண்டி பிறக்க அதற்குப் பிறகு நூறு வருஷம் ஆனது.

கூடவே, இது போர்க்கப்பல் பாட்டும் கிடையாது. பிரிட்டிஷ் கடற்படையில் வேலை நேரத்தில் வாய் திறக்கக்கூடாது, விசிலும் பிடிலும்தான். அவர்களுக்குப் பாட்டுத் தேவைப்படவும் இல்லை. நெல்சனின் விக்டரி கப்பலில் 800 பேருக்கு மேல். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கும்பல் ஓடினால் பாய் தானாக ஏறும். வணிகக் கப்பலின் முதலாளிக்கு ஒவ்வொரு ஆளும் ஒரு செலவு. 1869-இல் கட்டிய கட்டி சார்க், தேயிலை ஏற்ற சீனாவுக்கு ஓடிய பேர்போன கப்பல். அதன் பாய்களை எல்லாம் விரித்தால் 32,000 சதுர அடி வரும். அதை ஆள முப்பது பேருக்குள். இருக்கிற பத்துப் பதினைந்து கைகளும் ஒரே நொடியில் ஒரே கயிற்றில் விழ வேண்டும். அரை நொடி தவறினாலும் பலம் சிதறிவிடும். நல்ல பாட்டு கயிற்றில் பத்து ஆளுக்குச் சமம் என்று மாலுமிகள் சொன்னது இதனால்தான்.

கயிறு என்று நான் பேசுவது ஏட்டறிவு இல்லை. என் அப்பா தூத்துக்குடித் தோணிக்காரர். 1977-இல் பள்ளி விடுமுறையில் என்னைக் கொழும்புக்குக் கூட்டிப் போனார். தோணியில் வெங்காயமும் வற்றலும். துறைமுகம் தாண்டியதும் பாய் ஏற்றினார்கள். பாயைத் தூக்கும் கயிற்றுக்கு எங்கள் பக்கம் ஆஞ்சான் என்று பெயர். பாயைக் கட்டுகிற குறுக்கு மரம் பருமல். ஆஞ்சானில் நானும் கை வைத்தேன். ஒருவர் முன்னால் நின்று அம்பா என்ற வேலைப்பாட்டை எடுத்தார். மற்றவர்கள் ஏலேலோ போட்டார்கள். எனக்குப் பாட்டு பிடித்துப்போய், அந்த ஆளோடு சேர்ந்து நானும் முதலடியைப் பாடினேன். அப்பா பின்மண்டையில் ஒன்று வைத்தார். “அவன் பாடும்போது மூச்சு வாங்கு. நீயும் பாடினா எப்பலே மூச்சு வாங்குவ?”

ஷாண்டியைப் பற்றி அதன் பிறகு நான் படித்த புத்தகம் எல்லாம் அந்த ஒரு அடிக்குள் அடக்கம்.

கப்பலில் கயிறு இழுக்கும் வேலை பல வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை. பாய் ஏற்றும் ஆஞ்சான் வேலைதான் பெரியது. டன் கணக்கில் கனக்கும் பருமல் மேலே போக வேண்டும். அதற்கென்று இருந்த பாட்டுகளில் ‘ப்ளோ த மேன் டவுன்’ எல்லோரும் அறிந்தது. ஷாண்டிமேன், அதாவது பாட்டு எடுத்துக்கொடுப்பவர், ஓரடி பாடுவார். அப்போது யாரும் இழுக்க மாட்டார்கள். கையை மேலே நகர்த்திப் பிடித்து, காலை ஊன்றி, நெஞ்சு நிறையக் காற்று வாங்குவார்கள். பிறகு எல்லோரும் பதில் அடி பாடுவார்கள். அந்தப் பதில் அடிக்குள் இரண்டு இடத்தில் அழுத்தம் விழும். அங்கேதான் இழுப்பு. ஒரு பதிலுக்கு இரண்டு, ஒரு சரணத்துக்கு நான்கு. கப்பிக் கணக்குப்படி பருமல் ஒரு முழம் ஏறக் கயிறு இரண்டு மூன்று முழம் கீழே வர வேண்டும். ஒரு பாய் ஏறி முடிய எத்தனை சரணம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாட்டு தீர்ந்துவிட்டால்? ஷாண்டிமேன் கைவசம் வைத்திருக்கும் பொது வரிகளை ஒட்டுவார், சமையல்காரரை வைவார், கேப்டனின் கஞ்சத்தனத்தை ஒரு சரணம் பாடுவார். பாட்டின் நீளம் பாயின் உயரம்.

‘ப்ளோ த மேன் டவுன்’ திஸ்ர நடை. தகிட தகிட என்று ஆடிக்கொண்டு போகும். மேடையில் பாடுகிறவர்கள் இதை வால்ட்ஸ் போலச் சுழற்றுவார்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 2003-இல் என் கப்பல் நியூயார்க் பக்கம் பழுதுபார்க்க நின்றபோது, நான் ரயில் பிடித்து கனெக்டிகட்டில் மிஸ்டிக் என்ற ஊருக்குப் போனேன். அங்கே கடல் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 1841-இல் கட்டிய சார்லஸ் டபிள்யூ. மார்கன் என்ற திமிங்கல வேட்டைக் கப்பல் இன்னும் அங்கே மிதக்கிறது. பாய் ஏற்றிக் காட்டும்போது பார்க்க வந்தவர்கள் கையிலும் கயிறு கொடுத்தார்கள். எனக்கு முன்னால் ஒரு பள்ளி ஆசிரியை, பின்னால் ஒரு கனத்த சீமான். முதல் இரண்டு சரணம் பாட்டு துள்ளியது. மூன்றாவதில் பருமலின் கனம் கைக்கு வந்தது. பாடியவர் தானாக நடையைத் தளர்த்தினார். ஒரு இழுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே நான் எண்ணினேன்: இரண்டரை வினாடி, பிறகு மூன்று. அவருக்கு அந்த வேகத்தை யாரும் சொல்லித்தரவில்லை. ஆசிரியையின் மூச்சு சொல்லித்தந்தது.

பாயின் ஓரத்தை இறுக்குவது போன்ற சின்ன வேலைக்கு இரண்டே இழுப்பு, மூன்றே இழுப்புப் போதும். அதற்கு ‘ஹால் ஆன் த போலைன்’, ‘ஹால் அவே ஜோ’ மாதிரிப் பாட்டுகள். இவற்றில் கடைசிச் சொல்லில் மட்டும் இடி மாதிரி ஒரு இழுப்பு. அதுவரை பாட்டு சோம்பலாக நடந்து வரும். கடைசிச் சொல்லைப் பாடுவது கிடையாது, கத்துவதுதான். இதைத் தாளம் பிசகாமல் ஒரே சீராகப் பாடும் இசைக்குழுக்களைக் கேட்டால், தேங்காய் உடைக்காமல் தேங்காய் உடைக்கும் கையை மட்டும் ஆட்டிக்காட்டுகிற மாதிரி இருக்கும்.

நங்கூரம் எடுப்பது வேறு கதை. அங்கே இழுப்பே கிடையாது, நடை மட்டும். கேப்ஸ்டன் என்ற நிமிர்ந்த உருளையில் கம்புகளைச் செருகி, செக்கு மாடு போல நெஞ்சால் தள்ளிக்கொண்டு சுற்ற வேண்டும். மணிக்கணக்காகவும் ஆகும். ஆகவே அந்தப் பாட்டுகளுக்கு நீண்ட ராகம், கதை, கூடிப் பாட முழுப் பல்லவி எல்லாம் உண்டு. ‘ரியோ கிராண்டே’ அப்படி ஒன்று. ‘ஷெனண்டோ’ அப்படி ஒன்று. அதன் நடை ஆற்றில் விட்ட தெப்பம் போல, இடம் கிடைத்தால் நீளும், இல்லையென்றால் சுருங்கும். சங்கிலியில் தளர்வு இருக்கும்போது கால் வேகமாகப் போகும். நங்கூரம் சேற்றைக் கவ்விப் பிடித்த இடத்தில் ஒவ்வொரு அடியும் ஒரு யுகம். ஒரே பாட்டு, பாதியில் வேகம் பாதியாகிவிடும். இதற்கு மெட்ரோநோமில் என்ன எண்ணை வைப்பது?

சரி, மருமகன் கேட்ட ‘ட்ரங்கன் செய்லர்’. ஷாண்டிகளில் இது கொஞ்சம் முரட்டுப் பிள்ளை. ஆள் நிறைய இருக்கும் கப்பலில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு டெக்கின் நீளத்துக்கும் மிதித்து நடந்து போகும்போது பாடியது. விட்டு விட்டு இழுப்பது இல்லை. அதனால் இதில் தனி அடி, பதில் அடி என்ற மூச்சு வாங்கும் சந்து இல்லை. எல்லோரும் சேர்ந்தே பாடிக்கொண்டு, காலால் தாளம் போட்டுக்கொண்டு போவார்கள். 1839-இல் திமிங்கலக் கப்பலில் பயணம் போன ஆம்ஸ்டெட் என்ற அமெரிக்க இளைஞர் தன் பயண நூலில் இதைக் குறித்து வைத்திருக்கிறார். பதில் அடி உள்ள பாட்டுகளோடு பார்த்தால் இது வேகம்தான். ஆனால் கனத்த கயிறு தோளில் இருக்க, ஈரப் பலகையில் வெறுங்கால் பதிய நடக்கிற வேகம். 160 என்றால் கயிறு இல்லை என்று அர்த்தம்.

ஸ்கேல் விஷயத்துக்கு வந்தால், ஆர்மோனியத்தைத் திறந்துதான் அவனுக்குக் காட்டினேன். ரெண்டு கட்டையில் ஸட்ஜமம் வைத்து, கறுப்பைத் தொடாமல் வெள்ளைக் கட்டைகளை மட்டும் ஏறி இறங்கினால் வருவது டோரியன். எங்கள் கோயிலின் பழைய இலத்தீன் பாட்டுகள் பல இதில்தான். கர்நாடக சங்கீதக்காரர் கேட்டால் கரகரப்பிரியா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். ‘ட்ரங்கன் செய்லர்’ முதல் அடியில் பஞ்சமத்திலேயே குத்திக் குத்தி நிற்கும். இரண்டாம் அடியில் அதே குத்து ஒரு படி இறங்கி மத்திமத்தில். மூன்றாவதில் திரும்பப் பஞ்சமத்துக்கு வந்து, தைவதம், நிஷாதம் தாண்டி மேல் ஸட்ஜமத்தை எட்டிப் பார்க்கும். இடது கால் ஒரு பலகை, வலது கால் அடுத்த பலகை, மெட்டே நடக்கிறது.

இதில் தைவதம் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு தடவைதான் வரும், அந்த மூன்றாம் அடி ஏற்றத்தில். அந்த ஒற்றைச் சுரம்தான் பாட்டின் குணம். அதை அரைக் கட்டை கீழே இறக்கிவிட்டால் நடபைரவி ஆகிவிடும். மேற்கத்தியக் கணக்கில் சாதாரண மைனர். கீபோர்டு பையன் சரியாக அதைத்தான் செய்திருந்தான். பாட்டு திடீரென்று யாரோ செத்த வீட்டில் பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கட்டையை மேலே ஏற்றியதும் மாலுமி எழுந்து உட்கார்ந்தார்.

இந்த ஒரு பாட்டாலும், 2021-இல் உலகம் முழுக்கச் சுற்றிய ‘வெல்லர்மேன்’ பாட்டாலும், ஷாண்டி என்றாலே மைனர், இருட்டு, பனிமூட்டம் என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். நேதன் எவன்ஸ் என்ற ஸ்காட்லாந்துத் தபால்காரர் டிக்டாக்கில் மேசையைத் தட்டிப் பாடி, அந்த மார்ச்சில் பிரிட்டனில் முதலிடத்துக்குக் கொண்டுபோன பாட்டு அது. மெட்டு நடபைரவிப் பக்கம்தான். ஆனால் கண்டிப்பாகப் பேசினால் அது ஷாண்டியே இல்லை. நியூசிலாந்தில் 1831-இல் ஓட்டாக்கோவில் திமிங்கல நிலையம் போட்ட வெல்லர் சகோதரர்களின் சரக்குக் கப்பல் எப்போது வரும், சர்க்கரையும் தேயிலையும் ரம்மும் எப்போது கிடைக்கும் என்று காத்திருக்கும் கதைப் பாட்டு. வேலை முடிந்து உட்கார்ந்து பாட வேண்டியது. பாட்டு அருமை, நானும் முணுமுணுப்பேன். அதைப் பாடிக்கொண்டு பாய் ஏற்றச் சொன்னால் மட்டும் வரமாட்டேன்.

உண்மையான ஷாண்டிகளில் மேஜர்தான் அதிகம், நம் சங்கராபரணம். ‘ப்ளோ த மேன் டவுன்’ முழு சங்கராபரணம், அதுவும் ஆட்டம் போடும் திஸ்ரத்தில். சொற்களைக் கேட்டால் ரத்தம் சொட்டும். நியூயார்க்குக்கும் லிவர்பூலுக்கும் நாள் குறித்து ஓடிய பாக்கெட் கப்பல்களில் மேட்டு என்ற அதிகாரிகள் மாலுமிகளை அடித்து விழத்தட்டிய கதை அது. 1818-இல் தொடங்கிய பிளாக் பால் கம்பெனிக் கப்பல்கள் பாட்டின் பல வடிவங்களில் பெயரோடு வரும். அடி வாங்கியவனே அதைச் சிரித்த மெட்டில் பாடி, அடித்தவரின் பாயை ஏற்றுகிறான். ‘லீவ் ஹெர் ஜானி’யும் மேஜர்தான். பயணம் முடிந்து, கப்பலின் அடியில் தேங்கிய தண்ணீரைக் கடைசித் தடவை பம்பு அடித்து வெளியேற்றும்போது பாடுவது. புழுத்த சோறு, ஒழுகும் கப்பல், கெட்ட மேட்டு என்று மாதக்கணக்கில் மென்று விழுங்கியதை எல்லாம் அதில் கொட்டுவார்கள். நேருக்கு நேர் சொன்னால் தண்டனை கிடைக்கும் பேச்சு, பாட்டில் வந்தால் அதிகாரிகள் காது கேளாதவர் போல நிற்பார்கள். மேஜரில் இருக்கும் அந்தப் பாட்டைப் போல ஒரு ஏக்கம் எந்த மைனரிலும் நான் கேட்டதில்லை. பம்பு மெதுவாக அடிப்பதால் வருகிற ஏக்கம் அது என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்கேல் கேட்டால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கப்பலில் சுருதிப்பெட்டி கிடையாது. ஷாண்டிமேனின் தொண்டை அன்றைக்கு எந்தக் கட்டையில் திறக்கிறதோ அதுதான் சுருதி. காற்றையும் அலையையும் மீறிக் கேட்க வேண்டுமே, அதனால் உயரத்தில் எடுப்பார். மற்றவர்கள் ஒற்றைக் குரலாகப் பின்பாட்டு. நான்கு குரலில் அடுக்கிப் பாடுவது பின்னால் மேடைக்காரர்கள் சேர்த்த நெய். கான்சர்ட்டினா என்ற கைப்பெட்டி படங்களில் எப்போதும் தெரியும். இழுக்கிற வேலையில் அதை வாசிக்க யாருக்கு மூன்றாவது கை இருந்தது?

மெட்டுகள் எங்கிருந்து வந்தன என்பதில் ஒரு பெரிய பங்கைப் பல காலம் யாரும் உரக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மொபைல், நியூ ஆர்லியன்ஸ் துறைமுகங்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் பஞ்சுப் பொதிகளைத் திருகு ஜாக்கி வைத்து நெருக்கிக் கப்பலுக்குள் திணிப்பார்கள். ஒரு திருப்பு, ஒரு பாட்டடி. குளிர்காலத்தில் ஐரிஷ், ஆங்கில மாலுமிகளும் கூலிக்கு அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சார்லஸ் நோர்டாஃப் என்ற மாலுமி எழுத்தாளர் இதை நேரில் கண்டு 1850-களில் எழுதியிருக்கிறார். ஒருவர் எடுக்க மற்றவர் பதில் போடும் முறை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்தவர்கள் கொண்டுவந்த சொத்து. கரீபியன் தீவுகளின் மாலுமிகள் ஷாண்டியில் கைதேர்ந்தவர்கள் என்று பேர் வாங்கினார்கள். ஷாண்டிகளைத் தொகுத்த மாலுமி ஸ்டான் ஹியூகில் தன் பாட்டுகளில் பலவற்றைப் பார்படாஸ்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டதாக எழுதுகிறார்.

ஹியூகிலைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1906-இல் பிறந்தவர். பிரிட்டனின் கடைசிப் பெரிய வணிகப் பாய்க்கப்பலான கார்த்பூலில் ஷாண்டிமேனாக இருந்தார். 1929-இல் அந்தக் கப்பல் கேப் வெர்டி தீவுகளருகே தரை தட்டி உடைந்தது. அதோடு பிரிட்டிஷ் கப்பல்களில் ஷாண்டி வேலையும் ஏறக்குறைய முடிந்தது. 1961-இல் அவர் போட்ட ‘ஷாண்டீஸ் ஃப்ரம் த செவன் சீஸ்’ தான் இன்றைக்கும் பாடுகிறவர்களுக்கு வேதம். அவருக்கு முன்பும் சேகரித்தவர்கள் உண்டு. 1914-இல் செசில் ஷார்ப், சாமர்செட்டில் வாட்செட் என்ற கடலோர ஊரில் ஜான் ஷார்ட் என்ற முதிய மாலுமியைப் பாடவைத்து ஐம்பதுக்கு மேல் எழுதிக்கொண்டார். ஷார்ப் இசை படித்தவர். சுரம் தவறாமல் எழுதினார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து பாடும் கிழவரின் கையில் கயிறு இல்லை. அச்சில் ஏறிய வேகம் எல்லாம் அப்படித்தான் ஏறியது.

மருமகனுக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அவன் முகத்தில் “கேட்டது ரெண்டு வார்த்தை” என்ற களை தெரிந்தது. மறுநாள் மற்ற ஆறு பேரையும் கூட்டிவரச் சொன்னேன். பக்கத்து மனையில் மாடி கட்டுகிறார்கள். உச்சியில் ஒரு கப்பி, கீழே இன்னொரு கப்பி, கயிறு தெருப்பக்கம் வருகிறது. கொத்தனாரிடம் சொல்லி நான்கு மூட்டை மணலைச் சேர்த்துக் கட்டவைத்தேன். ஏழு பேரும் கயிற்றைத் தோளில் போட்டு, தெருவில் கோயில் பக்கமாக நடக்க வேண்டும், பாடிக்கொண்டே.

160-இல் தொடங்கினார்கள். நான்காவது அடியில் கால் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். மூட்டை ஆடி நின்றது. கீபோர்டு பையனுக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது. “மாமா, கொஞ்சம் மெதுவா எடுக்கட்டா?” என்று மருமகன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அவனே எடுத்தான். இந்தத் தடவை பஞ்சமத்தில் குத்தும்போது இடது கால் குத்தியது, இறங்கும்போது வலது கால். தைவதம் வரும் இடத்தில் ஏழு பேரும் தன்னையறியாமல் கயிற்றுக்குள் சாய்ந்தார்கள். மூட்டை ஏறியது. போனில் தட்டிப் பார்த்தேன்: 92. இரண்டாவது மாடியில் நின்ற கொத்தனார் எட்டி மூட்டையைப் பிடித்தார்.

“போதும்பா, கட்டு!”

பாட்டு பாதிச் சொல்லில் நின்றது.